கண்ணாடி இல்லாத கேமரா

தையல் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவள் பக்கத்து மேசை ரேடியோ. ரேடியோ என்பதும் பட்டப்பெயர்தான். காலை எட்டரைக்குத் திறக்கிற வாயைச் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் மூடுவாள். இருவருக்கும் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட் எரியும். சட்டையை விரித்துப் போட்டு, காலரில் தொடங்கி, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று கண்ணும் விரலும் ஒரே வரிசையில் போக வேண்டும். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஒரு நூல் அளவு கோணல், எது அகப்பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அம்பு ஒட்டிய சட்டை வெளியே போகாது, தைத்தவரிடமே திரும்பிப் போய்விடும். அதை ஆல்டர் என்பார்கள்.

பதினோரு வருஷத்தில் அவள் கை தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. தையல்காரர்கள் அவளைக் கண்டாலே முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார்கள். "அக்கா, ஒரு நூல்தானே, கொஞ்சம் கண்ணை மூடிக்கங்களேன்" என்று கெஞ்சியும் பார்த்திருக்கிறார்கள். "ஒரு நூலா இருந்தா என்ன? உள்ளதை உள்ளபடிதான் சொல்ல முடியும்" என்பாள். கெஞ்சியவர் திரும்புவதற்குள் அம்பு ஒட்டியிருக்கும்.

இந்தக் கண்ணோடு ஒருத்தி வீட்டுக்குப் போனால் வீட்டிலிருப்பவர்கள் பாடு என்ன ஆகும்? கழுவிய டம்ளரின் ஓரத்தில் இருக்கும் டீக்கறையும், கல்லூரியிலிருந்து அரை மணி தாமதமாக வரும் மகள் சொல்கிற காரணத்தில் இருக்கும் ஓட்டையும் அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இத்தனை வருஷமாக அம்பு ஒட்ட இடமே கொடுக்காத ஒரே ஆள் அவள் புருஷன். டவுன் பஸ் டிரைவர். டிப்போ உண்டு, வீடு உண்டு என்று இருந்த மனிதர். அவர்தான் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், தட்டைப் பார்த்தபடியே, "ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"எதுக்கு?"

"போட்டோ எடுக்கத்தான்."

"போட்டோ எடுக்கன்னு எனக்கும் தெரியும். யாரை எடுக்க?"

"யாரையும் இல்லம்மா. மரம், பறவை, தெரு, அப்படி ஏதாவது. ஒரு பொழுதுபோக்கு வேணாமா மனுசனுக்கு?"

இருபது வருஷத்தில் இந்த மனிதர் ஒரு பறவையை அண்ணாந்து பார்த்து அவள் பார்த்ததில்லை. பஸ் கண்ணாடியில் எச்சம் போட்டால் திட்டுவார், அவ்வளவுதான் பறவைக்கும் அவருக்கும் இருந்த உறவு.

மகள் மட்டும் குதித்தாள். அவளுக்கு எதைக் கேட்டாலும் பதில் போனில் இருந்தது. "அப்பா, ரெண்டு வகை இருக்கு. டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ். டிஎஸ்எல்ஆர் கொஞ்சம் கனமா இருக்கும். ஆனா பேட்டரி ரொம்ப நேரம் நிக்கும், பழசு வாங்கினா மலிவாவும் கெடைக்கும். மிரர்லெஸ் எடை கம்மி, புதுசு, வெலை ஜாஸ்தி. புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு டிஎஸ்எல்ஆரே போதும்னு ஒருத்தர் சொல்றாரு. இன்னொருத்தர் அதை வாங்கினா பணம் வேஸ்ட்டுங்குறாரு."

"ரெண்டு பேருல யாரு பொய் சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"யாரும் பொய் சொல்லலம்மா. ஆளுக்கு ஆள் மாறும்."

"மிரர்லெஸ்னா என்ன?" என்று கேட்டார் டிரைவர். கேட்ட விதத்தில் ஓர் அவசரம் இருந்ததை அவள் குறித்துக்கொண்டாள்.

"உள்ள கண்ணாடி இருக்காதுப்பா. சத்தம் கூட வராம எடுக்கலாமாம். பக்கத்துல இருக்குறவங்களுக்குக் கூடத் தெரியாது."

"அதுதான் நல்லாருக்கும்" என்றார் டிரைவர்.

அவ்வளவுதான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சத்தம் வராத கேமரா ஒரு நல்ல குடும்பத்து ஆம்பளைக்கு எதற்கு? மரமும் தெருவும் சத்தம் கேட்டு ஓடிவிடுமா?

அதன் பிறகு அவள் வீட்டில் செக்கிங்கை ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக அகப்பட்டது. வீட்டிலிருந்த பல்பையெல்லாம் கழற்றிவிட்டுப் பெரிதாக மாட்டியிருந்தார். பத்து வருஷமாக இவர் விரும்பி வாங்கியது மதிய ட்யூட்டிதான். வெயில் தாழ ஓட்டலாம், காலையில் தூங்கலாம் என்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று வேறொரு டிரைவரோடு பேசி வைத்துக்கொண்டு காலை ட்யூட்டிக்கு மாறினார். ஏன் என்று கேட்டதற்கு, "உடம்புக்கு நல்லது" என்றார். மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவளும் மகளும் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். நடுவில் மூன்று மணி நேரம் இவர் என்ன செய்கிறார் என்பது கடவுளுக்கும் எதிர்வீட்டு நர்ஸுக்கும்தான் தெரியும்.

நர்ஸ் என்று ஏன் வந்தது என்றால், அதுவும் அகப்பட்டதுதான். ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அவள் மாடிப்படி ஏறி வந்தபோது, இவர் பால்கனியில் நின்று போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு நர்ஸ் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் போனைச் சட்டென்று பைக்குள் போட்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று விட்டுவைத்தாள்.

எல்லாவற்றையும்விட மனதை அறுத்தது மார்க்கெட் விஷயம். போன மாதம், விளக்கு வைக்கிற நேரம், அவள் காய் வாங்கிக்கொண்டு எதிர்ப்புறம் போக ரோட்டைக் கடந்தாள். இவர் எதிரே நடந்து வந்தார். ஒரு முழம் தூரத்தில் வந்தார். அவள் நின்று சிரித்தாள். அவர் அவளைத் தாண்டி, ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விட்டார். கட்டிய பெண்டாட்டி முகம் தெரியாமல் போகுமா? தெரியாததுபோல நடிக்கிறார் என்றால், அவரோடு யாரோ வந்திருக்க வேண்டும், அல்லது யாரையோ பார்க்கப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு வாங்கிய கத்திரிக்காயை அவள் மூன்று நாள் தொடவில்லை.

ரேடியோவிடம் சொன்னது தவறு. ஆனால் ஒரு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவளிடம் எவ்வளவு நாள்தான் மறைப்பது?

"அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்றாள் ரேடியோ, கையில் இருந்த சட்டைக்கு நூல் வெட்டிக்கொண்டே. "எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் திடீர்னு ஜிம்முக்குப் போறேன்னாரு. நாப்பத்தஞ்சு வயசுல எதுக்குடா ஜிம்முன்னு நான் பின்னாடியே போய்ப் பாத்தேன்."

"என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"ஜிம்முக்குத்தான் போனாரு. அது வேற விஷயம். ஆனா எல்லாரும் அப்படி இருப்பாங்களா?"

"சத்தம் வராத கேமராதான் வேணுமாம்டி."

ரேடியோவின் கத்தரி நின்றது. "அப்ப சந்தேகமே இல்லக்கா. கடைக்கு அவரோட நீங்களும் போங்க. எதை எடுக்குறாரு, எப்படிப் பாக்குறாருன்னு கிட்ட இருந்து பாருங்க. உங்க கண்ணுக்குத் தப்பிச்சு ஒண்ணு போயிடுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினார்கள். சாயங்காலம் போகலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். காலையிலேயே போய்விடலாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதையும் அவள் குறித்துக்கொண்டாள். மகளுக்குப் பரீட்சை, வரவில்லை.

கேமராக் கடை ஒரு குறுகலான மாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழே கடை, பின்னால் திரை போட்ட ஸ்டுடியோ. கடைக்காரர் சாதுவான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இரண்டு கேமராவை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் துணி விரித்து வைத்தார். ஒன்று தடியாக இருந்தது, மற்றது ஒல்லி.

"இது டிஎஸ்எல்ஆர், சார். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் உள்ள இருக்குற கண்ணாடில பட்டு மேல ஏறி நேரா உங்க கண்ணுக்கு வருது. நீங்க பாக்குறது அசல் வெளிச்சம். பட்டனை அமுக்கினா கண்ணாடி தூக்கிக்கும், அதான் இந்தச் சத்தம்." அமுக்கிக் காட்டினார். டப்பென்று தகரப் பெட்டியை மூடுவதுபோலக் கேட்டது.

"அது?" என்று ஒல்லியைக் காட்டினார் டிரைவர்.

"இது மிரர்லெஸ். இதுல கண்ணாடி கெடையாது. இந்த ஓட்டை வழியா பாத்தா உள்ள ஒரு குட்டி ஸ்கிரீன் இருக்கும். லென்ஸ் பாக்குறதை அதுவே சரி பண்ணி, வெளிச்சம் கம்மின்னா கூட்டி, உங்களுக்குக் காட்டும்."

"அப்ப அது டிவியா?" என்றாள் அவள்.

"ஏறக்குறைய அப்படித்தான் மேடம்."

"டிவில என்ன வேணாலும் காட்டலாமே. உள்ளது ஒண்ணு, காட்டுறது ஒண்ணுன்னா அதை எப்படி நம்புறது?"

கடைக்காரர் சிரித்தார். "மேடம் சரியான இடத்துல புடிக்கிறாங்க. பழைய ஆளுங்க பல பேரு இதைத்தான் சொல்லுவாங்க. அசலைப் பாக்கணும்னா டிஎஸ்எல்ஆர்தான்."

"அப்ப இதையே எடுங்க. சத்தமும் நல்லா வருது" என்றாள்.

டிரைவர் ஒல்லி கேமராவின் மேலிருந்த கண்ணை எடுக்கவில்லை. கடைக்காரருக்கு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வம்பு புரிந்திருக்க வேண்டும். "ரெண்டுக்கும் வித்தியாசம் இருட்டுலதான் தெரியும். ஸ்டுடியோவுக்குள்ள வாங்க, நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று கூட்டிப்போனார்.

உள்ளே ஜன்னல் கிடையாது. பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு மூலையில் ஒரே ஒரு மஞ்சள் பல்பை மட்டும் விட்டார். எதிர்ச் சுவர் ஓரம் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு ஜாடியில் பிளாஸ்டிக் பூ. திரையைத் தாண்டி உள்ளே வந்த டிரைவர் இரண்டாவது அடியிலேயே கீழே கிடந்த பெட்டியில் முட்டி இடித்து, "ஸ்..." என்று நின்றார். பெட்டி சின்னது இல்லை. வெள்ளைப் பெட்டி வேறு.

"பாத்து சார்" என்று கடைக்காரர் டிஎஸ்எல்ஆரைக் கையில் கொடுத்தார். "அந்தப் பூவைப் பாருங்க."

டிரைவர் கண்ணில் வைத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கேமராவை இறக்கி முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "மூடியைக் கழட்டலையா?"

"மூடியா?" கடைக்காரர் வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். "கழட்டியாச்சே சார். நல்லாத் தெரியுதே."

"இல்லையே, உள்ள ஒரே இருட்டா இருக்கே. கேமராவுல ஏதோ கோளாறு."

"குடுங்க" என்று அவள் வாங்கினாள். கண்ணில் வைத்தாள். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் முக்காலி தெரிந்தது, ஜாடி தெரிந்தது, மூன்று பூ தெரிந்தது. அவள் கண்ணுக்கு நடுப்பூவில் ஓர் இதழ் கிழிந்திருந்ததும் தெரிந்தது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை.

"தெரியுதே" என்றாள்.

"அப்படியா? குடு." மறுபடி வைத்தார். இந்த முறை சீக்கிரமாக, "ஆமா, ஆமா, தெரியுது" என்றார்.

"எத்தனை பூவு?"

"என்னம்மா, பரீட்சை வைக்கிற?"

கடைக்காரர் இடையில் புகுந்து ஒல்லி கேமராவைக் கொடுத்தார். டிரைவர் அதைக் கண்ணில் வைத்தார். அவள் பூவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவர் வாய் மெல்லத் திறந்தது. தோள் தளர்ந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

"மூணு பூவு" என்றார். "நடுவுல இருக்குறதுல ஒரு இதழ் கிழிஞ்சிருக்கு."

இத்தனை நாளாகத் தேடிய குறை அகப்பட்டுவிட்டது. ஆனால் அவள் தேடிய இடத்தில் அது இல்லை. ட்யூட்டி மாறியது, பால்கனியில் போனைத் தூக்கிப் பிடித்தது, வீட்டிலிருந்த பல்பையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பெரிது போட்டது, மார்க்கெட்டில் தாண்டிப் போனது, எல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொண்டு வந்து நின்றன. இதற்குப் பதில் ஒரு நர்ஸாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். நல்ல உச்சி வெயில். எதிர் டீக்கடையின் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. டிரைவர் கடகடவென்று பேசினார். எடை கம்மி, கைக்கு அடக்கம், மகளும் எடுக்கலாம் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை விட்டுவிட்டு, காலரில் தொடங்குவதுபோல அவள் தொடங்கினாள்.

"எத்தனை நாளா கண்ணு தெரியல?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. "யாருக்கு?"

"மூடியைக் கழட்டலையான்னு கேட்டீங்களே, அவருக்கு."

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். ஒரு லாரி போயிற்று. பிறகு, "பகல்ல ஒண்ணும் இல்ல" என்றார். "பகல்ல நீ ஒட்டுற அம்பு ஸ்டிக்கரைக் கூட எண்ணிச் சொல்லுவேன். பொழுது சாஞ்சா... மொதல்ல கொஞ்சமா இருந்துச்சு. இப்ப போர்வை போத்தின மாதிரி ஆயிடுது."

"டாக்டர்?"

"ஒரு தடவை பாத்தேன். விழித்திரைல ஏதோங்குறாரு. ராத்திரிப் பார்வைதான் மொதல்ல போகுமாம். மருந்து இல்லியாம்."

"டிப்போவுல வருசா வருசம் கண்ணு டெஸ்ட் பண்றாங்களே?"

"பட்டப்பகல்ல, லைட்டப் போட்டு, போர்டுல இருக்குற எழுத்தப் படிக்கச் சொல்றாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். நான் ஒண்ணும் ஏமாத்தல." குரல் உயர்ந்து, பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்ததும் தாழ்ந்தது. "போன மாசம் டிப்போவுல ஒரு மெக்கானிக்குக்கு வழியனுப்பு விழா வெச்சோம். நடுவுல கரண்டு போயிடுச்சு. ஒரே ஒரு எமர்ஜென்சி லைட்டு. எல்லாருக்கும் எல்லாம் தெரியுது, சிரிக்கிறாங்க, பேசுறாங்க. நான் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருக்கேன். போட்டோக்காரரு பக்கத்துல வந்து, பாருங்கண்ணேன்னு கேமராவைக் கண்ணுல வெச்சாரு. அத்தனை பேரு மொகமும் தெரிஞ்சுது. ஒவ்வொருத்தனா பாத்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீயும் பொண்ணும் சாயங்காலம் பால்கனில நின்னு பேசுறீங்க, எனக்குக் கொரல்தான் கேக்குது. உங்க மொகத்தப் பாக்கணும்னு இருந்துச்சு. போன்ல பாத்தேன், சரியாத் தெரியல. அதான் கேமரா."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அம்பு ஒட்டிருவ."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "காலை ட்யூட்டியே கடைசி வரைக்கும் குடுப்பாங்களா?"

டீயில் ஏடு கட்டிவிட்டது.

"சொல்லுங்க."

"ட்யூட்டி மாத்திக்கிட்டவரு இந்த மாசத்தோட ரிட்டயர்டு. நாளையிலேருந்து எனக்கு மதிய ட்யூட்டி. கடைசி டிரிப்பு எட்டரைக்கு உள்ள வரும்." அவள் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தினார். "பயப்படாத. இருபத்திரெண்டு வருசமா ஓட்டுற ரூட்டு. எந்த எடத்துல பள்ளம், எந்த எடத்துல ஸ்பீடு பிரேக்கர், எல்லாம் மனப்பாடம். எதுக்க வர்ற வண்டி லைட்டு தெரியும். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"ரூட்டு மனப்பாடம் சரி. ரோட்டைக் கடக்குறவங்களும் மனப்பாடமா?"

"ரிட்டயர்டு ஆக இன்னும் ஆறு வருசம்தான்மா. பொண்ணு படிப்பு முடியணும். இந்த வேலைய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"போன மாசம் மார்க்கெட்டுல என்னைத் தாண்டிப் போனீங்க" என்றாள். "விளக்கு வெக்கிற நேரம். ஒரு மொழம் தூரம். நான் சிரிச்சேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீயா? அங்க நீ இருந்தியா?"

"நான் ரோட்டைக் கடந்துக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முன்னால் நடந்தார். வீட்டில் மகள் எந்தக் கேமரா என்று கேட்டாள். "பாத்துக்கலாம்" என்றார். நாளைக்கு ட்யூட்டியா என்று அம்மா கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது. அந்தப் பாத்துக்கலாமை அவள் நம்பவில்லை. இருபது வருஷத்தில் அவர் ஒருநாள்கூட ட்யூட்டிக்கு மட்டம் போட்டதில்லை.

திங்கட்கிழமை காலை அவள் கம்பெனிக்குப் போன் செய்து லீவு சொன்னாள். சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மகள் கல்லூரிக்குப் போன பிறகு, அவருடைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். பட்டனைச் சரிபார்த்தாள், காலரைத் திருப்பித் தேய்த்தாள். கம்பெனிப் பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் சுருளைத் தேடி எடுத்தாள். பெயர்ப் பட்டை குத்துகிற இடத்துக்கு நேர் கீழே ஒன்றைக் கிழித்து ஒட்டினாள். அதை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். பதினோரு வருஷத்தில் எந்த அம்பையும் அவள் இரண்டு தடவை அழுத்தியதில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் குளித்துவிட்டு வந்து சட்டையை எடுத்தார். பார்த்தார்.

"என்ன இது?"

"ஆல்டர்."

"நான் என்ன உங்க கம்பெனித் துணியா?" சட்டையை நாற்காலிமேல் வீசினார். "இருபத்திரெண்டு வருசம் ஓட்டியிருக்கேன். ஒரு கோழியை அடிச்சதில்ல. ஒரு ஆளை உரசினதில்ல. நீ ஒரு பேப்பர் துண்டை ஒட்டி என்னை நிறுத்துவியா?"

"நிறுத்தல. பிச்சுப் போட்டுட்டுப் போங்க. ஆனா இன்னிக்கு அந்த பஸ்ல நானும் வருவேன். முன்னாடி சீட்டுல உக்காந்து, ஏழு மணிக்கு மேல யாரு யாரு ரோட்டைக் கடக்குறாங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே வருவேன். கேட்டுக்கிட்டே ஓட்டுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். அம்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார், மறுபடி அழுத்தினார், மறுபடி கிளப்பினார். அவளுக்கு அதைப் பார்க்கவே தாங்கவில்லை. இருந்தாலும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"நீயும் வா" என்றார் கடைசியில். "தனியாப் போய்ச் சொல்ல என்னால முடியாது."

டிப்போ மேனேஜர் அறைக்கு வெளியே அவள் இரண்டு மணி நேரம் நின்றாள். அவரை உள்ளே கூப்பிட்டார்கள், வெளியே அனுப்பினார்கள், ஏதோ எழுதச் சொன்னார்கள். டீசல் வாசனையும் டயர் கழுவும் தண்ணீரும் கலந்து ஓடின. வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு மடித்த தாள் இருந்தது. மெடிக்கல் போர்டு பார்த்துவிட்டுச் சொல்லும், அதுவரை டைம் ஆபீஸில் பகலில் உட்கார்ந்து வண்டி நேரம் குறிக்கவேண்டும், அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் நல்லபடியாகத்தான் பேசினாராம். சொல்லாமல் இருந்தது தப்பு என்று மட்டும் நாலு தடவை சொன்னாராம்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

"ஆறு மணி டிரிப்புக்கு என் வண்டி வெளிய போறதைப் பாத்துட்டுப் போலாம்."

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். உட்கார்ந்தார்கள். ஐந்தரை, ஆறு. மழைமூட்டம் வேறு. டிப்போவில் விளக்கு போட்டார்கள், இருந்தாலும் கேட்டோரம் மங்கலாகவே இருந்தது. அவருடைய கை பெஞ்சைத் தடவி அவள் முழங்கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. பிடித்திருந்த விதத்தில் அவளுக்குத் தெரிந்தது, போர்வை விழுந்துவிட்டது.

"அந்தக் கேமரா இனிமே வேணாம்" என்றார்.

"ஞாயித்துக்கெழமை போறோம். கண்ணாடி இல்லாததையே எடுக்குறோம்."

"அது உள்ளதைக் காட்டாதுன்னு சொன்ன?"

"சொன்னேன்தான்" என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு வண்டி உறுமியது. அவர் நிமிர்ந்தார். "அதான் என் வண்டி. மூணாவது கியர்ல ஒரு இழுப்பு இருக்கும் பாரு. யாரு ஓட்டுறா?"

"மீசை வெச்சவரு. இளவயசு."

"அவனா. பரவால்ல, நிதானமாப் போவான். கண்டக்டரு?"

"உங்க பழைய கண்டக்டர்தான். பின்படில நிக்கிறாரு."

"பன்னெண்டு வருசம் என்கூட ஓடினவன்." என்றார். "விஷயம் தெரிஞ்சிருக்கும். என்னைப் பாக்குறானா?"

வண்டி கேட்டைத் தாண்டி அவர்களுக்கு முன்னால் மெல்லத் திரும்பியது. கண்டக்டர் பின்படியில் நின்றபடி டிக்கெட் கட்டை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. தெரு விளக்கின் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்தது. தப்பாகத் தெரிந்திருக்கலாம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இடமே இல்லை.

"பாக்குறாரு" என்றாள். "உங்களைப் பாத்து கை காட்டுறாரு."

அவர் எழுந்து நின்றார். வண்டிச் சத்தம் போன பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கையை நன்றாக உயர்த்தி ஆட்டினார். சத்தம் தெருக்கோடியில் திரும்பி ஓய்ந்தது. அதுவரை அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார், அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.